என்னைப் பற்றி நாலு வரி

7 ஜூலை, திங்கள்

வாராவாரம் மெயிலில் அனுப்பப்போகும் மின்மடலுக்குப் பெயர் வைத்தாயிற்று: ‘மூடி திறந்தால்’. படம் போட்டாயிற்று, கம்பெனியில் நாங்கள் சாப்பிடும் நீள மேஜை. நிறம்கூட முடிவாகிவிட்டது, மாங்காய்ப் பச்சை. மிச்சம் ‘என்னைப் பற்றி’ என்று ஒரே ஒரு பக்கம்தான். நீங்கள் யார், எதற்காக எழுதுகிறீர்கள், மற்றவர்கள் ஏன் படிக்க வேண்டும் என்று அந்த வெப்சைட் கேட்கிறது. மாமியார் வீட்டில்கூட என்னை இவ்வளவு விசாரிக்கவில்லை. பதில் நாலு வரிக்குள் இருக்க வேண்டுமாம்.

நாலு வரிதானே என்று மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்தேன். காக்களூர் எஸ்டேட்டில் பம்புக்கு ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனியில் பதினாறு வருஷமாக ஸ்டோர்ஸ் என் பொறுப்பு. எந்தப் பொருளைக் கொடுத்தாலும் அட்டையில் ஒரே வரியில் எழுதிவிடுவேன். வாஷர், கறுப்பு, இருபத்தைந்து மில்லி, சப்ளையர் இன்னார், ரேக் நான்கு. முடிந்தது. உமைராவை மட்டும் எழுத வரவில்லை.

கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும்வரை எழுதியது: ‘வணக்கம்.’

8 ஜூலை, செவ்வாய்

முழுசாக எழுதிவிட்டேன். ‘பழவேற்காட்டுக்கு மருமகளாக வந்து, திருவள்ளூரில் குடியேறி, காக்களூர் தொழிற்பேட்டையில் பதினாறு ஆண்டுகள் நேர்மையாகப் பணியாற்றி, அனைவரின் அன்பையும் பெற்ற உமைரா’ என்று போகிறது. வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். ரிஜ்வான். வாயால் கூப்பிடாத பேரை இங்கேயாவது எழுதிக்கொள்கிறேன். கடைசிவரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எத்தினி மணிக்கு அடக்கம்?” என்றார்.

கிழித்துப் போட்டிருப்பேன். போனில் இருந்ததால் அழிக்க வேண்டியதாகிவிட்டது.

10 ஜூலை, வியாழன்

இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கும் ஏஞ்சல்தான் இந்த மின்மடலை ஆரம்பிக்கச் சொல்லி ஒரு வருஷமாக என்னைப் பிடுங்கியவள். ‘நான்’ என்று எழுதினால் ஒல்லியாகத் தெரியும், ‘நாங்கள்’ என்று எழுதுங்கள் என்றாள். எழுதினேன். ‘எங்கள் குழு வாரம் ஒரு தொழிலாளியின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்து…’

குழுவில் யார் யார் என்று ரிஜ்வான் கேட்டார். நான் இருக்கிறேன். அப்புறம் என் போன் இருக்கிறது. போனின் சார்ஜர் தன் கடையிலிருந்து வந்ததால் தானும் குழுவில் சேர்த்தியா என்றார். திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கத்தில் மொபைல் கவரும் சார்ஜரும் விற்கிறவருக்குக் கேள்வி கேட்க நேரம் நிறையக் கிடைக்கிறது. ‘நாங்கள்’ போயிற்று.

11 ஜூலை, வெள்ளி

ஒன்றும் எழுதவில்லை. வாஷர் மூவாயிரம் வந்தது.

12 ஜூலை, சனி

வந்துவிட்டது. அப்படியே இங்கே எடுத்து வைக்கிறேன்.

‘தினமும் காலை நாலரை மணிக்கு எழுந்து, பதினாறு வருஷமாக டப்பா கட்டுகிறவள் நான். ஒரு டப்பாவின் மூடியைத் திறந்தால், விடிவதற்கு முன் அதைக் கட்டிய கை பட்ட பாடு எனக்குத் தெரியும். காக்களூர் எஸ்டேட்டில் மத்தியானம் பன்னிரண்டரைக்குத் திறக்கும் டப்பாக்களின் கதையை வாராவாரம் எழுதப்போகிறேன். வாருங்கள், சேர்ந்து சாப்பிடலாம்.’

நாலே வரி. ஏஞ்சலுக்கு அனுப்பினேன். படித்து அழுதுவிட்டாளாம். எனக்கும் கண் கலங்கியது. அந்தச் சூட்டிலேயே வெளியிட்டுவிட்டேன்.

இதில் ஒரு சின்னச் சங்கடம். நாலரைக்கு எழுந்திருப்பது நான் இல்லை. டப்பா கட்டுவதும் நான் இல்லை. ரிஜ்வான்.

சொந்த நோட்டில் மறைத்து என்ன ஆகப்போகிறது, முழுசாகவே எழுதுகிறேன். கல்யாணமான புதிதில் நான்தான் சமைத்தேன். மூன்று மாதத்தில் அவர் நாலு கிலோ இளைத்தார். வாயைத் திறந்து ஒரு குறை சொல்லவில்லை. நாலாவது மாதம் ஒரு காலையில் அவரே எழுந்து போய் மீன் ஆணம் வைத்தார், குழம்பைத்தான் எங்கள் வீட்டில் அப்படிச் சொல்வோம். அன்றிலிருந்து அடுப்பு அவருடையது. நான் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் டப்பாவும் அவருடையது. ஒரே ஒரு நிபந்தனை, அவங்க அம்மாவுக்குத் தெரியக் கூடாது.

என் மாமி மரியம் பீவி பழவேற்காட்டில் இருக்கிறார். தன் மகனுக்குத் தண்ணீர் மொண்டு குடிக்கக்கூடத் தெரியாது என்பதைப் பெரிய பட்டம் வாங்கின மாதிரி ஊரெல்லாம் சொல்கிறவர். முட்டி வலியால் எங்கள் வீட்டுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். வரும் நாளில் ரிஜ்வான் கடைக்குப் போவதாக முன்வாசலில் கிளம்பி, பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் வந்துவிடுவார். நான் அவ்வப்போது கூடத்துக்கு வந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போவேன். சாப்பிட்டு முடித்ததும் மாமி எனக்காக துஆ செய்வார்.

கம்பெனியில் யாரும் என்னைக் கேட்டதில்லை. உமைராக்கா கைப்பக்குவம் என்று அவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது பொய்யில் சேராது என்று இத்தனை வருஷம் வைத்திருந்தேன். இன்றைக்கு எழுதியே கொடுத்துவிட்டேன்.

சரி, ‘என்னைப் பற்றி’ பக்கத்தையெல்லாம் யார் போய்ப் படிக்கப்போகிறார்கள்?

14 ஜூலை, திங்கள்

எல்லோரும்.

முதல் இதழ் காலையில் போனது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சின்னதுரையின் டப்பா. வாரத்தில் நாலு நாள் எலுமிச்சைச் சாதம். அவர் மனைவியின் அன்பைப் பற்றி ஒரு பத்தி உருகியிருந்தேன். அதை ஒருவரும் சீண்டவில்லை. ஏஞ்சல் ‘என்னைப் பற்றி’ பக்கத்தைக் கம்பெனி பஸ் குரூப்பில் போட, அது அங்கிருந்து எங்கெங்கோ போய், காலையில் பதினொரு பேராக இருந்த சந்தாதாரர்கள் சாயங்காலம் நூற்று நாற்பது. கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகைக்காரர்கள்கூடச் சேர்ந்திருக்கிறார்கள். ‘நாலரை மணித் தாய்க்குத் தலைவணங்குகிறேன்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மேனேஜர் பார்த்திபன் சார் ஸ்டோர்ஸ் வாசலில் நின்று, என் மனைவி உங்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். அந்த அம்மாவுக்கு என்னால் ஒரு தலைவலி.

அந்தப் பக்கத்தின் கீழே முதல் ஆளாக என் மகள் சமீனா வந்திருக்கிறாள். வேலூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். அத்தா கட்டிக் கொடுத்த டப்பாவோடு பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போனவள். அவள் போட்டிருந்த கருத்து ஒரே ஒரு கேள்விக்குறி.

அழித்துவிட்டேன்.

15 ஜூலை, செவ்வாய்

ரிஜ்வான் படித்துவிட்டார். செல்லுக்குக் கண்ணாடி ஒட்ட வந்த யாரோ, உங்க ஊட்டம்மாவாமே என்று காட்டினார்களாம். வீட்டுக்கு வந்து, நல்லா எழுதியிருக்கே என்றார். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தன் போனிலிருந்த அலாரத்தை எடுத்துவிட்டு, என் போனை வாங்கி அதில் வைத்தார்.

16 ஜூலை, புதன்

அலாரம் அடித்தது. அவர் போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். இன்னாங்க, டைம் ஆயிடுச்சு என்றேன்.

“நாலரைக்கு எய்ந்துக்கறது நீதான்னு ஊருக்கே சொல்லிக்கினு இருக்கே. எய்ந்துக்கோ.”

எழுந்தேன். ஆறாயிரம் பொருள் உள்ள ஸ்டோர்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வாஷர் எடுக்கிறவளுக்குச் சொந்த வீட்டில் கடுகைக் கண்டுபிடிக்க இருபது நிமிஷம் ஆனது. சாதம் குழைந்தது, பருப்பு வேகவில்லை, இரண்டும் ஒரே அடுப்பில்தான் இருந்தன. மத்தியானம் ஏஞ்சல் வழக்கம்போல என் டப்பாவிலிருந்து முதல் கரண்டியை எடுத்தாள். மென்றாள். உடம்பு சரியில்லையாக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த நாலு வரிக்கு இன்னொரு முட்டு.

17 ஜூலை, வியாழன்

உப்பு மறந்துவிட்டது. நேற்று இரண்டு தடவை போட்டதில் கழித்துக்கொள்ளலாம்.

18 ஜூலை, வெள்ளி

ஏஞ்சல் தன் சாப்பாட்டில் பாதியை எனக்குத் தள்ளினாள். சின்னதுரை கேட்காமலே எலுமிச்சைச் சாதம் ஒரு கை வைத்தார். தலைவணங்கியவர்கள் எல்லாம் இப்போது எனக்குச் சோறு போடுகிறார்கள்.

நான் கட்டுவதையேதான் ரிஜ்வானும் சாப்பிடுகிறார். ஒரு பருக்கை மிச்சம் வைப்பதில்லை. டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறார். இது என்ன மாதிரி மனுஷன்? நன்றாக இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் நானும் ஏதாவது சொல்லலாம் இல்லையா?

19 ஜூலை, சனி

இன்று தாங்காமல் கேட்டுவிட்டேன். உங்க பேரைப் பெரிய எழுத்தில் போட்டுவிடுகிறேன், ரிஜ்வான்தான் சமைக்கிறார் என்று, போதுமா என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகம் வெளுத்துவிட்டது. கடைத்தெருவில் ஆளாளுக்கு இன்னா பாய், இன்னிக்கு இன்னா கொழம்பு என்று கேட்பார்களாம். அம்மா காதுக்குப் போனால் அதைவிடப் பேஜாராம். அப்படியென்றால் உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று கத்தினேன்.

“எம் பேர போடுன்னு நான் கேட்டனா? நான் செஞ்சத நீ செஞ்சேன்னு சொல்லாத. அவ்ளோதான்.”

நோட்டை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்தேன்.

சப்ளையர் பேர் இல்லாம ஒரு வாஷரக்கூட ரேக்குல ஏத்த மாட்டேன் நான். லாரிக்காரனை வாசல்லயே நிக்க வெச்சிடுவேன். இதுல மட்டும் எப்படி ஏத்தினேன்? பதினாறு வருஷம் — உமைராக்கா சூப்பர், உமைராக்கா சூப்பர்னு நாலு பேர் சொன்னத எல்லாம் நானே வெச்சிக்கினேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அத ஊட்டுக்கு எடுத்துக்கினு வந்து அவர்கிட்ட குடுத்திருக்கலாம்ல? நல்லா இருந்துச்சுங்கன்னு சொல்ல எவ்ளோ நேரம் ஆவும்? வெக்கமா இருக்குது.

20 ஜூலை, ஞாயிறு

அந்த வரியை இன்று மாற்றிவிடுவது என்று போனைக் கையில் எடுத்தேன். போனே அடித்தது. மாமி.

பக்கத்து வீட்டுப் பெண் ‘என்னைப் பற்றி’ பக்கத்தை மாமிக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மாமி போனிலேயே அழுதார். இப்படி ஒரு மருமகளைப் பார்க்க வராமல் முட்டி வலியைச் சாக்கு சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மடவை மீன் வாங்கிக்கொண்டு வருகிறாராம். நான் என் கையால் ஆணம் வைத்துப் போட வேண்டுமாம்.

போனை வைத்துவிட்டு ரிஜ்வானைப் பார்த்தேன். பின்வாசல் என்று மெதுவாக ஆரம்பித்தேன். இந்தத் தடவை தான் முன்வாசல் வழியாக வந்து அம்மா பக்கத்தில் உட்காரப்போவதாகச் சொல்லிவிட்டார்.

23 ஜூலை, புதன்

மீன் ஆணம், ஒத்திகை. நான் புளி கரைக்கும்போது அவர் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கை பரபரக்கிறது. ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல் கரண்டி வரைக்கும் கை வந்துவிட்டது. பிறகு போய் டிவியைப் போட்டுக்கொண்டார். மீன் கரைந்து ஆணத்தோடு ஆணமாகிவிட்டது. முள்ளை வைத்துத்தான் இது மீன் என்று தெரிந்துகொண்டோம்.

27 ஜூலை, ஞாயிறு

மாமி வந்தார். பொன்னேரியில் பஸ் மாறி, ஐஸ் போட்ட பையில் இரண்டு கிலோ மடவையோடு, முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். பாதி மீனை எடுத்து ஆணம் வைத்தேன். மனசுக்குள் தெரிந்த சூராவெல்லாம் ஓதிக்கொண்டே வைத்தேன். இன்றைக்கு மீன் கரையவில்லை. அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

ரிஜ்வான் சொன்னபடியே அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். பரிமாறினேன். மாமி ஒரு வாய் சாப்பிட்டார். என்னைப் பார்த்தார். இன்னொரு வாய் சாப்பிட்டார்.

“இன்னாம்மா, உடம்புக்கு முடியலியா?”

ஆமாம் மாமி என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் மாமி தைலம் தேய்த்துவிட்டிருப்பார், எல்லாம் சுபம். ரிஜ்வான் தட்டைப் பார்த்துக் குனிந்தபடி அந்தக் கண்றாவியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பத்து நாளாகச் சாப்பிடுகிறார். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது.

“உடம்புக்கு ஒண்ணும் இல்ல மாமி. என் கை இதுதான். இத்தினி வருஷம் நீங்க இங்க சாப்ட்டது உங்க புள்ளயோட கை.”

ஆம்பிளையை அடுப்படியில் நிற்க வைத்தாயா என்று மாமி என்னைத் திட்டுவார், சாப்பாட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார் என்று காத்திருந்தேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை. மகனையே பார்த்தார். எத்தனை வருஷமாக என்று கேட்டார். பதினெட்டு என்றார் ரிஜ்வான். கடைசி பெஞ்சுப் பையன் வீட்டில் மார்க் சொல்லும் குரல்.

மாமி கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தார்.

“பதினெட்டு வருஷமா ஆக்கத் தெரிஞ்சிக்கினு, பெத்தவளுக்கு ஒரு நாளாச்சும் இந்தாம்மா, சாப்புடுன்னு உன் கையால வெச்சியாடா? அவ ஆக்குனதுன்னுதானே இத்தினி நாளும் எனக்குப் போட்டீங்க.”

நீதானேம்மா என்று ரிஜ்வான் ஏதோ ஆரம்பித்தார். முடிக்கவில்லை. எழுந்து கை கழுவிக்கொண்டு சமையலறைக்குள் போனார். மிச்ச மீன் ஐஸில் இருந்தது. மாமி ஒரு நாற்காலியை இழுத்துச் சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்தார். மகன் வெங்காயம் நறுக்குவதை, புளி கரைப்பதை, உப்பைக் கையளவில் போடுவதை, கண்ணை எடுக்காமல் பார்த்தார். முக்காட்டால் முகத்தைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புளி பத்தாது என்றார். நாலாவது நிமிஷம் மறுபடியும் பத்தாது என்றார்.

என்னோடு சாயங்காலம் வரைக்கும் பேசவில்லை. பஸ் ஏற்றிவிடப் போனபோதுதான் வாயைத் திறந்தார். அந்த நாலு வரியை மாற்றிவிட வேண்டுமாம். அவன் பேரைப் போட வேண்டுமாம். வெறுமனே போடக் கூடாது, மரியம் பீவி மகன் என்று சேர்த்துப் போட வேண்டுமாம்.

28 ஜூலை, திங்கள்

காலையில் அவர் போனில் அலாரம் அடித்தது. நான் புரண்டு படுத்துக்கொண்டேன். மத்தியானம் டப்பாவைத் திறந்ததும் ஏஞ்சல், அப்பாடா, உடம்பு சரியாயிடுச்சா என்றாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். யார் கை என்று சொன்னேன். பதினாறு வருஷமாக அண்ணனுடைய சாப்பாட்டுக்கு உங்களிடம் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேனா என்று ஏஞ்சல் கோபித்துக்கொண்டாள். கோபத்தோடேயே இரண்டாவது கரண்டி எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து ரிஜ்வானிடம் அதை அப்படியே ஒப்பித்தேன். யார் என்ன சொன்னார்கள், யார் எத்தனை தடவை கேட்டு வாங்கினார்கள் என்று பேர் பேராக. நல்லா இருந்துச்சுங்க என்று நானும் சொன்னேன். அவர் காது சிவந்துவிட்டது. பேர் போடட்டுமா என்றேன். அம்மாவே சொன்னதுக்கப்புறம் இன்னா என்றார். கொஞ்சம் யோசித்து, கடை அட்ரஸும் போடேன் என்றார்.

29 ஜூலை, செவ்வாய்

‘எனக்குச் சமைக்க வராது, கடந்த இரண்டு வாரம் என் பக்கத்தில் சாப்பிட்டவர்கள் சாட்சி. முன்னால் இங்கே எழுதியிருந்தது பொய். என் டப்பாவைக் கட்டுகிறவர் என் கணவர் ரிஜ்வான், பழவேற்காடு மரியம் பீவியின் மகன். நான் காக்களூரில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன், எந்தப் பொருள் வந்தாலும் யார் செய்தது என்று கேட்காமல் உள்ளே விடுவதில்லை, இனி டப்பாக்களிடமும் கேட்பேன்.’

நாலு வரி. கடை அட்ரஸ் ஐந்தாவது வரியாகிவிடும் என்பதால் சேர்க்கவில்லை. அவருக்கு வருத்தம்தான்.

31 ஜூலை, வியாழன்

முப்பத்தெட்டு பேர் விலகிவிட்டார்கள். தலைவணங்கியவர் தலையை நிமிர்த்திக்கொண்டு முதல் ஆளாகப் போனார். பார்த்திபன் சார் இரண்டு நாளாக ஸ்டோர்ஸ் பக்கம் வருவதில்லை.

சின்னதுரை வந்தார். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, ஃபோர்க்லிஃப்ட் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். அந்த எலுமிச்சைச் சாதம் அவர் செய்வதாம். மனைவி தேர்வாய் கண்டிகையில் இரவு ஷிப்ட் முடித்து எட்டு மணிக்குத்தான் வருவாராம். அவருக்கு அது ஒன்றுதான் செய்ய வருமாம். நான் அவர் மனைவியைப் பற்றி உருகி எழுதியதை வீட்டில் படித்து, இரண்டு பேரும் சிரித்தார்களாம். திருத்திப் போடட்டுமா என்றேன். கேட்டுட்டுச் சொல்றேன் மேடம் என்றார்.

8 ஆகஸ்ட், வெள்ளி

கடைக்கு லீவு. ஆனாலும் அலாரம் நாலரைக்கே அடித்தது. இரண்டு டப்பா கட்டினார். சின்னது எனக்கு. பெரியதைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு, நான் கம்பெனி பஸ் ஏறும் நேரத்துக்கு அவரும் பழவேற்காட்டுக்குக் கிளம்பிவிட்டார். ஆணம் ஆறிவிடும், அங்கே போய்ச் சூடு பண்ண வேண்டும் என்று ஒரே கவலை.

பன்னிரண்டரைக்கு மாமி போன் செய்தார். உப்பு தூக்கலாம். புளி இன்றைக்கும் பத்தவில்லையாம். மீன் துண்டைச் சின்னதாகப் போட்டிருக்கிறானாம். இப்படித்தான் உனக்கும் பதினெட்டு வருஷமாகப் போடுகிறானா, நீ எப்படித்தான் சாப்பிட்டாயோ என்று என்மேல் இரக்கப்பட்டார். நான் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினேன்.

சாயங்காலம் ரிஜ்வான் வெறுங்கையோடு வந்தார். டப்பாவை மறந்து வைத்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

“மறக்கல. அம்மா குடுக்கல. கய்வி வெக்கிறேன், வர வெள்ளிக்கெய்ம வந்து எட்துக்கோன்னு பீரோல வெச்சிப் பூட்டிக்கினாங்க.”